காருக்குள் கருப்பட்டிப் பாகு போன்ற வாடை: கூலன்ட் கசிவா, எங்கிருந்து வருகிறது?

பாம்பன் காற்று | திங்கள், இரவு 9.40

வணக்கம். பாம்பனில் இருந்து ராமநாதபுரத்துக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று வருகிறேன். போக மட்டுமே 40 கிலோமீட்டருக்கு மேல். வண்டி 2013 ஆம் ஆண்டு டீசல் ஹேட்ச்பேக், இதுவரை 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக வண்டிக்குள் ஓர் இனிப்பு வாடை வீசுகிறது. மனைவியின் ஊரான சாயல்குடியிலிருந்து ஓலைக் கொட்டானில் கருப்பட்டி கொண்டுவந்தபோது, அது வெயிலில் இளகிப் பின்னிருக்கைக்கு அடியில் வழிந்திருந்தது. அதனால் அந்த வாடைதான் என்று முடிவுகட்டி, இருக்கையைக் கழற்றி இரண்டு முறை கழுவினேன். வாடை போகவில்லை. பிறகு பட்டறையில் காட்டினேன், ஏ.சி. காயிலில் அழுக்கு இருக்கலாம் என்று சொல்லிக் கழுவிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் அப்படியே இருக்கிறது.

கடந்த வாரம் மூன்று செய்திகளைக் கவனித்தேன். எஞ்சினைக் கிளப்பிய உடனே வாடை இல்லை. கால் மணி நேரம் ஓடிய பிறகே வருகிறது. முன் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய் தடவியது போன்ற மெல்லிய படலம் படிகிறது. இரவில் பாலத்தின் மேல் வரும்போது எதிர்வண்டியின் விளக்கு அந்தப் படலத்தில் பட்டுச் சிதறிக் கண்ணைக் கூசச் செய்கிறது. மூன்றாவதாக, ரிசர்வ் டேங்கில் வாரத்துக்கு ஒரு விரற்கடை அளவு கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது. என் மகள் வண்டியில் ஏறினால் தலை வலிக்கிறது என்கிறாள்; என் கவலைக்கு முதற்காரணம் அதுதான். வண்டி வாங்கிய நாள் முதல் ஹீட்டரை நாங்கள் போட்டதே இல்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கீழக்கரை பட்டறை | திங்கள், இரவு 10.25

தம்பி, நீங்கள் சொல்லும் மூன்றும் சேர்ந்தால் அது கூலன்ட் என்பதில் எனக்கு ஐயமில்லை. அழுக்கேறிய ஏ.சி. காயில் ஈரத்துணி, பூஞ்சை வாடை அடிக்குமே தவிர இனிக்காது. அதோடு, காயிலின் வாடை ஏ.சி. போட்ட முதல் நிமிடத்தில் வரும். உங்களுடையதோ எஞ்சின் சூடேறிய பிறகு வருகிறது.

ஹீட்டரைப் போட்டதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம் கடற்கரையில் பலரை ஏமாற்றுவது இந்த நம்பிக்கைதான். டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் கோர் என்று ஒரு சிறிய ரேடியேட்டர் இருக்கிறது. எஞ்சினிலிருந்து இரண்டு ஹோஸ்கள், எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் தடுப்புத் தகட்டைத் துளைத்துக்கொண்டு அதற்குள் போய் வருகின்றன. பல வண்டிகளில் இந்த நீரோட்டத்தை அடைக்க வால்வே கிடையாது. குமிழைக் குளிர்ப்பக்கம் திருப்பினால் உள்ளே ஒரு மடல் மூடிக்கொண்டு, காற்று அந்தக் கோரின் மேல் போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். தண்ணீர் எப்போதும்போல் 90 பாகை செல்சியஸ் அளவில் அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே, நீங்கள் ஒருநாளும் பயன்படுத்தாத உறுப்பு, எஞ்சின் ஓடிய ஒவ்வொரு மணி நேரமும் உழைத்துத் தேய்ந்திருக்கிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், வண்டியை நிறுத்திய நிலையில், புளோயரை வெளிக்காற்றில் ஐந்து நிமிடமும் உட்காற்றுச் சுழற்சியில் ஐந்து நிமிடமும் ஓடவிட்டு, எதில் வாடை கூடுகிறது என்று பாருங்கள். பிறகு குமிழைச் சூடான பக்கம் முழுவதும் திருப்பிப் பாருங்கள். முன்னிருக்கைகளின் கால் வைக்கும் இடத்தில் விரிப்பைத் தூக்கி, அடியில் உள்ள பஞ்சையும் அழுத்திப் பார்க்க வேண்டும். அதுவரை கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். குழந்தையை அந்த வண்டியில் ஏற்ற வேண்டாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

தொண்டிக் கரை | செவ்வாய், காலை 6.50

பட்டறை அண்ணன் ஹீட்டர் கோர் பக்கம் சாய்வது போலத் தெரிகிறது. என் அனுபவம் வேறு என்பதால் எழுதுகிறேன். எனக்கும் இதே வாடை வந்தது. டேஷ்போர்டை இறக்கியே ஆக வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். நான் கவனித்தவரை, ஓடும்போது வாடையே இருக்காது; தேவிபட்டினத்தில் குடும்பத்தார் நவபாஷாணத்துக்கு இறங்கிப் போனபின் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தால் மட்டும் வரும். கடைசியில் பார்த்தால், எஞ்சின் பக்கம் ஹோஸ் மாட்டும் இடத்தில் கிளிப் துருப்பிடித்து இறுக்கம் இழந்திருந்தது. அங்கிருந்து சொட்டிய கூலன்ட் சூடான பாகத்தில் விழுந்து ஆவியாகி, பானட்டின் பின்விளிம்பில் வைப்பருக்கு அடியில் இருக்கும் காற்று வழியாக உள்ளே வந்திருக்கிறது. ஒரு கிளிப்பை மாற்றியதோடு வேலை முடிந்தது. உப்புக் காற்று கிளிப்புகளை விட்டுவைப்பதில்லை. ஆகவே டேஷ்போர்டைத் தொடுவதற்கு முன் பானட்டைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொருக்கு காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாம்பன் காற்று | செவ்வாய், இரவு 8.15

இருவருக்கும் நன்றி. சோதித்துப் பார்த்தேன். வெளிக்காற்றில் வாடை குறைகிறது. உட்காற்றுச் சுழற்சியில் கூடுகிறது; அப்படியானால் வெளியிலிருந்து வரவில்லை போலும். குமிழைச் சூடான பக்கம் திருப்பியதும் கண் எரியும் அளவுக்கு வந்து, கண்ணாடி ஒரு நிமிடத்தில் மங்கிவிட்டது. பானட்டுக்குள் டார்ச் அடித்துத் தேடியும் பொருக்கு எதுவும் தென்படவில்லை. முன்னால் இடப்பக்க விரிப்புக்கு அடியில் பஞ்சு ஈரமாக இருக்கிறது. ஆனால் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டாலும் அதே இடத்தில்தான் ஈரம் வரும் என்கிறார்கள். இந்த ஈரம் எதனுடையது என்று எப்படிப் பிரித்தறிவது? நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று ஓட்டுநர் ஒருவர் சொன்னார்.

பரமக்குடி வேதியியல் | செவ்வாய், இரவு 8.40

நாக்கில் வைக்கவே வைக்காதீர்கள். யார் சொன்னாலும் வேண்டாம். கூலன்டின் முக்கியப் பொருள் எத்திலீன் கிளைக்கால். அது இனிப்பாக இருப்பதுதான் அதன் பெரிய ஆபத்து. உடலுக்குள் சென்றபின் கல்லீரலில் கிளைக்காலிக் அமிலமாகவும் ஆக்சாலிக் அமிலமாகவும் மாறி, கால்சியம் ஆக்சலேட் படிகங்களாகச் சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் ஒரு பெரியவரின் உயிரையே பறிக்கக்கூடும். நாயும் பூனையும் இனிப்புக்கோ தாகத்துக்கோ தரையில் தேங்கியதை நக்கிக் குடித்து இறக்கின்றன. வண்டிக்கு அடியில் சொட்டியிருந்தால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். திறந்த பாத்திரத்தில் வடித்து வாசலில் வைக்க வேண்டாம். மூச்சில் வரும் வாடையால் இத்தகைய நச்சு ஏறுவதில்லை, ஏனெனில் கிளைக்கால் எளிதில் ஆவியாவதில்லை. ஆனால் சூடான கோரிலிருந்து தெறிக்கும் மென்துளிகள் கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். மகளின் தலைவலிக்கு அது காரணமாக இருக்கலாம். வண்டியில் ஏறாத நாளிலும் வலி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஈரத்தைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. வெள்ளைத் துணியால் பஞ்சை அழுத்தி ஒற்றி எடுங்கள். நிறம் தெரிந்தால் அதுவே விடை. தெரியாவிட்டால், துணியைப் பிழிந்து வரும் சில துளிகளை ஒரு கண்ணாடித் தட்டில் விட்டு, பக்கத்தில் வெறும் தண்ணீர் சில துளிகளையும் விட்டு இரவு முழுவதும் வைத்திருங்கள். ஏ.சி. தண்ணீர் உலர்ந்துவிடும். கிளைக்காலின் கொதிநிலை 197 பாகை. அது போகாமல் வழவழப்பாகத் தங்கும். அதோடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையும் அதற்கு உண்டு. உங்கள் கண்ணாடிப் படலம் ஈரத்துணியால் துடைத்தும் மறுநாள் மங்குவது இதனால்தான். தொட்டுப் பார்க்கும்போது கையுறை அணியுங்கள்.

பாம்பன் காற்று | புதன், காலை 6.05

தண்ணீர்த் துளி இருந்த தடமே இல்லை. பஞ்சில் பிழிந்தது இன்னும் ஈரமாக, விரலுக்கு நடுவில் வழுக்குகிறது. ஐயம் தீர்ந்தது.

கீழக்கரை பட்டறை | புதன், இரவு 9.30

அப்படியானால் அடுத்தது அழுத்தச் சோதனை. இதைச் செய்யாமல் டேஷ்போர்டை இறக்கச் சொல்லும் பட்டறைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பின் ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கையால் அடிக்கும் அழுத்தமானியைப் பொருத்த வேண்டும். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பார் (அழுத்த அலகு) அளவு எழுதியிருக்கும். அந்த அளவுக்குக் காற்றடித்து, 20 நிமிடம் அப்படியே விட வேண்டும். எழுதியிருப்பதைவிடக் கூட்டி அடித்தால் பழைய பிளாஸ்டிக் தொட்டிகள் பிளந்துவிடும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. வெளியே எங்கும் சொட்டாமல் முள் மட்டும் இறங்கினால் சந்தேகம் கோரின் மேல். ஆனால் இந்த இடத்தில் அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. டீசல் வண்டிகளில் இ.ஜி.ஆர். கூலர் (எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் உறுப்பு) உட்பக்கம் ஓட்டையானாலும், ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போனாலும், வெளியே சொட்டாமல்தான் அளவு குறையும். அந்த இரண்டிலும் உள்ளறையில் ஈரம் வராது. புகைபோக்கியில் வெண்புகை வரும், அல்லது ரிசர்வ் டேங்கில் காற்றுக் குமிழிகள் வரும்.

எனவே கோரை மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டும். தடுப்புத் தகட்டுக்கு வெளியே இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் கழற்றி, கோரின் ஒரு குழாயை ரப்பர் அடைப்பானால் மூடி, மறு குழாயில் அழுத்தமானி உள்ள பம்ப்பால் 1 பார் அளவுக்குக் காற்றை ஏற்றிக் காத்திருங்கள். முள் நின்றால் கோர் நன்றாக இருக்கிறது. இறங்கினால் குற்றவாளி அதுதான். பழைய ஹோஸை இழுத்துக் கழற்றாதீர்கள். கோரின் அலுமினியக் குழாய் வளைந்து இல்லாத கசிவை உண்டாக்கிவிடும். ஹோஸை நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதிது மாட்டுவதே நல்லது.

பாம்பன் காற்று | ஞாயிறு, மாலை 5.20

இன்று பட்டறையில் பக்கத்தில் நின்று செய்யச் சொன்னேன். முழு அமைப்புக்கு 1.1 பார் ஏற்றியது 20 நிமிடத்தில் 0.8-க்கு இறங்கியது. எஞ்சின் பக்கம் எங்கும் ஈரமில்லை. கோரைத் தனியாகச் சோதித்தபோது முள் பத்து நிமிடத்தில் பாதிக்கு வந்துவிட்டது. கோர் மாற்ற டேஷ்போர்டை முழுவதும் இறக்க வேண்டும், ஏ.சி. எரிவாயுவை எடுத்துத் திரும்ப ஏற்ற வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்கிறார்கள். கோரைத் துண்டித்துவிட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கசிவை அடைக்கும் மருந்து ஒன்று கடையில் கிடைக்கிறதாம். எதைச் செய்வது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாடை தொடங்குவதற்கு முன்பே, ஓராண்டுக்கும் மேலாக, அளவு குறையும்போதெல்லாம் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றி வந்தேன். எங்கள் பக்கத்துத் தண்ணீர் உவர்ப்பு. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பரமக்குடி வேதியியல் | ஞாயிறு, இரவு 7.10

நேரடியான தொடர்பு உண்டு. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது; அதுதான் உலோகத்தைக் காக்கிறது. உவர்நீரில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்து, ஊசிமுனை அளவில் ஆழமாக அரித்துக்கொண்டே போகும். தகடு முழுவதும் சமமாகத் தேய்வதில்லை என்பதால், கடைசி நாள் வரை வெளியே ஒன்றும் தெரியாது. ஹீட்டர் கோரின் குழாய்ச் சுவர் மிக மெல்லியது. அதனால் அது முன்னதாகவே ஓட்டையாகிறது. கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சூட்டில் படிவாகி நுண்வழிகளை அடைப்பது வேறு. அதோடு நீங்கள் ஊற்றிய ஒவ்வொரு குவளையும் கூலன்டில் இருந்த அரிப்புத் தடுப்பானை நீர்க்கச் செய்திருக்கிறது.

காவிரிக் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. ஆனால் அதிலும் உப்புகளும் குளோரினும் உண்டு, ரேடியேட்டருக்கு ஏற்றதல்ல. பேட்டரிக்கு ஊற்றும் கனிமம் நீக்கிய தண்ணீர், சாயல்குடியில் தொடங்கித் தொண்டி வரை எந்தப் பேட்டரிக் கடையிலும் கிடைக்கும். கலக்காத கூலன்டோடு அதைச் சரிபாதி கலக்கலாம். அல்லது கலந்தே விற்கும் கூலன்டை அப்படியே ஊற்றலாம். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை என்றால் இன்ன வகை, சிவப்பு என்றால் இன்ன வகை என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கும் தரக்குறியீட்டைப் பார்த்தே வாங்க வேண்டும். வெவ்வேறு வகைகளைக் கலந்தால் தடுப்பான்கள் ஒன்றையொன்று கெடுத்துச் சில வேளை கூழாகத் திரிந்துவிடும்.

உச்சிப்புளி வயரிங் | ஞாயிறு, இரவு 8.00

புதுக் கோர் போடுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் கம்பிகள் நம் பகுதியில் உப்பேறிப் பச்சைபிடித்துவிடுகின்றன. மின்சாரத்துக்குச் சரியான திரும்பும் வழி இல்லாதபோது அது கூலன்ட் வழியாகவும் போகும்; அலுமினியத்தை அதுவும் அரிக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும், சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்டிலும் வையுங்கள். பிறகு எஞ்சினைக் கிளப்பி, கூலன்ட் சூடேறுவதற்கு முன்பே, விளக்கு, புளோயர் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பிகளைக் கழற்றித் தேய்த்து, மாற்ற வேண்டியதை மாற்றுங்கள். எல்லாம் அணைத்திருக்கும்போதே அந்த அளவு காட்டினால் கூலன்ட் கெட்டுவிட்டது என்று பொருள். வடித்துக் கழுவிய பிறகு மறுபடி அளக்க வேண்டும்.

சாயல்குடி டாக்சி | ஞாயிறு, இரவு 9.15

கோரைத் துண்டித்து நான்கு ஆண்டாக ஓட்டுகிறேன். ஏர்வாடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் ஆள் ஏற்றிச் செல்பவனுக்கு ஹீட்டர் எதற்கு? இரண்டு ஹோஸ்களையும் ஒரு வளைகுழாயால் இணைத்துவிட்டால் அரை மணி நேர வேலை. டேஷ்போர்டை ஒருமுறை இறக்கி ஏற்றினால் கிளிப்புகள் உடைந்து, பிறகு பாலத்து இணைப்புகளில் ஏறும்போதெல்லாம் கடகடவென்று ஆடும். அதை நான் விரும்பவில்லை.

கீழக்கரை பட்டறை | ஞாயிறு, இரவு 10.40

டாக்சி அண்ணன் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஹோஸ்களைத் தனித்தனியே அடைக்கக்கூடாது. இணைத்து ஓட்டம் தொடரும்படி விட வேண்டும், ஏனெனில் சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும் வரை நீர் சுழல்வதற்கு அந்த வழியே துணை. இணைப்புக் குழாய் கூலன்டுக்கும் சூட்டுக்கும் தாங்கும் ரப்பராக இருக்க வேண்டும். தோட்டத்துக் குழாயை மாட்டிவிட்டு வழியில் எஞ்சினைச் சூடேற்றிக் கெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். துண்டித்த கோருக்குள் மிச்சமிருக்கும் கூலன்டைக் காற்றடித்து வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் வாடை தொடரும்.

தம்பிக்கு என் கருத்து: இப்போது துண்டியுங்கள், அதையே இறுதிச் சோதனையாகவும் வையுங்கள். இரண்டு வாரம் ஓட்டியும் அளவு குறையவில்லை என்றால் வேறு கசிவு இல்லை என்பது உறுதியாகும். அதன்பின் கையில் காசும் நேரமும் அமையும்போது கோரை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏ.சி.யே கண்ணாடி மங்கலைப் போக்கும் என்றாலும், குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறவருக்கு ஹீட்டர் வேண்டும்.

கசிவடைக்கும் மருந்தை ஊற்ற வேண்டாம். அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. குறுகிய வழி எதுவாக இருந்தாலும் அங்கே தங்கும். நடுச்சாலையில் வேறு வழியில்லாதபோது வீடு வந்து சேர அது உதவலாம். நாள்பட்ட கோர் கசிவுக்கு அது மருந்தல்ல. கோரை மாற்றும்போது குழாயும் கோரும் சேரும் இடத்தில் உள்ள ஓ-ரிங்குகளையும் பாருங்கள். பல வண்டிகளில் கோர் நன்றாக இருந்து, அந்த ரப்பர் வளையம் மட்டும் இறுகிக் கசிந்திருக்கும்.

பாம்பன் காற்று | நான்கு வாரம் கழித்து, சனி, இரவு 7.30

தாமதத்துக்குப் பொறுத்தருள வேண்டும். முதலில் துண்டித்து மூன்று வாரம் ஓட்டினேன். ரிசர்வ் டேங்கில் பேனாவால் போட்ட கோட்டை விட்டுக் கூலன்ட் இறங்கவில்லை. எர்த் கம்பியைச் சோதித்ததில் 0.5 வோல்ட் காட்டியது. எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் கம்பியின் முனை, தொட்டதும் உதிர்ந்தது. அதை மாற்றி, பழைய கூலன்டை வடித்துக் கழுவிய பிறகு 0.1-க்குக் கீழே வந்துவிட்டது.

இந்த வாரம் விடுப்பு எடுத்துக் கோரை மாற்றினேன். ஓ-ரிங் நன்றாகத்தான் இருந்தது. கோரின் கீழ்மூலையில், குழாய்கள் பக்கத் தொட்டியோடு சேரும் இடத்தில், வெள்ளைப் பொருக்கு ஒரு நாணய அளவுக்குப் படிந்திருந்தது. சுரண்டியபோது ஊசித்துளைகள் இரண்டு தெரிந்தன. உள்ளே வெட்டிப் பார்க்கச் சொன்னேன். குழாய்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்புப் படிவு. அது நான் ஊற்றிய தண்ணீர்தான் என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை.

பஞ்சைப் பற்றிப் பரமக்குடி ஐயா எழுதியது உண்மை. மூன்று நாள் வெயிலில் காயவைத்தும் அது ஈரமாகவே இருந்தது. பிறகு சோப்பு நீரில் அலசி, நல்ல தண்ணீரில் மூன்று முறை பிழிந்து எடுத்த பின்பே வெயிலுக்குக் காய்ந்தது. காற்றுக் குழாயின் உட்புறத்தையும், கோர்ப் பெட்டியைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்ச் பட்டையையும், கேபின் ஃபில்டரையும் விட்டுவைத்திருந்தால் வாடை திரும்பியிருக்கும் என்பதால், பட்டையையும் ஃபில்டரையும் புதிதாகப் போட்டோம். வடித்த பழைய கூலன்டைக் கேனில் அடைத்துப் பட்டறையில் கழிவு எண்ணெய் சேர்ப்பவரிடமே கொடுத்தேன். பட்டறைக்குப் பின்னால் ஊருணி இருக்கிறது, அங்கே மாடு இறங்கும்.

மகள் நேற்று ஏறினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு ராமநாதபுரம் வரை வந்தாள், தலைவலி இல்லை.

கீழக்கரை பட்டறை | சனி, இரவு 8.50

மகிழ்ச்சி, தம்பி. காற்று நன்றாக வெளியேறிவிட்டதா என்று மட்டும் கவனியுங்கள். முன்சக்கரங்கள் சற்று மேடான இடத்தில் இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறந்து மின்விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும் வரை எஞ்சினை ஓடவிடுங்கள். ஆறிய பின் அளவைப் பாருங்கள். இறங்கியிருந்தால் கலந்து வைத்த கூலன்டையே ஊற்றுங்கள். டேஷ்போர்டுக்குள் தண்ணீர் ஓடும் சலசலப்புக் கேட்டால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. 1,000 கிலோமீட்டர் ஓடியதும் புது ஹோஸ் கிளிப்புகளை ஆறிய நிலையில் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பாம்பன் காற்று | ஞாயிறு, காலை 7.15

பாம்பனில் பாலம் ஏறும் இடத்தில் சரிவாக நிறுத்திச் செய்து பார்த்தேன், அண்ணன். முதலில் சலசலப்புக் கேட்டது. இரண்டாவது முறை மின்விசிறி நின்றபோது கேட்கவில்லை. கால் லிட்டர் அளவு இழுத்துக்கொண்டது. கிளிப்புகளை 1,000-இல் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.